கீழ ஒரு பச்சை லைட்

என்னால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைகிறவள் பேசுகிற பேச்சா இது என்று கேட்கலாம். உட்கார்ந்துதான் இருப்பேன், மேசைக்கு அடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வரும் என் வீட்டுக்காரர் திரை குலுங்குவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "ஒன் காலுக்கு ஒரு சுவிட்ச் வைக்கணும்டி. படுக்கும்போது அணைச்சுப் போட்டுரலாம்" என்பார். அந்த வருஷம் அது கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. காரணம், எங்கள் மகள்.

அவளுக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மெஷின் மாட்டினால் பக்கத்தில் நின்று பேசுவது பாதி விழும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் வாய் ஓயாது. அந்த விஷயத்தில் என் மகள்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரர்களிடமும் அலுவலகத்திலும் மட்டும் நான் "காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். வெளியே கிளம்பினால் இரண்டு பக்கமும் முடியை இழுத்துக் காதை மூடி, மேலே கனகாம்பரம் வைத்துவிடுவேன். மெஷின் தெரியாது.

முந்தின ஆண்டு விழாவில் எட்டுப் பேர் நடனத்தில் அவளும் ஒருத்தி. ஸ்பீக்கரில் போடும் பாட்டு அவளுக்கு வெறும் இரைச்சல். பக்கத்தில் ஆடுகிறவளின் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினாள். பார்த்து ஆடினால் ஒரு தட்டு பிந்தத்தானே செய்யும்? எல்லாரும் குனிந்தபோது இவள் நிமிர்ந்து நின்றாள், எல்லாரும் நிமிர்ந்தபோது குனிந்தாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அந்தப் புள்ள தூக்கத்துல ஆடுது பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். திரும்பி அவள் குடுமியைப் பிடித்திருப்பேன். மகளுடைய கண் என் மேல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினேன்.

இந்த வருஷம் நடன டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. பின்னாடி ஒரு மரம் வருது. டிரெஸ் ரொம்ப அழகா இருக்கும். அவ மரமா நிக்கட்டுமே."

"டீச்சர், எம்பொண்ணு மரம் இல்லீங்க."

வாய் முந்திக்கொண்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சும்மாவா சொன்னார்? நல்லவேளை, டீச்சர் கோபப்படவில்லை. "எனக்கு மட்டும் ஆசையாங்க? புது ஆடிட்டோரியத்துல விழா அன்னைக்கு மத்தியானம் ஒரு ரிகர்சல் வைக்கிறேன். மத்தவங்களோட சேர்ந்து ஆடிட்டான்னா சாயங்காலம் ஆடட்டும். பிசகுச்சுன்னா மரம்தான், என்னைய திட்டக் கூடாது. இன்னொண்ணு, எந்நேரமும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஆடுறா. மொகமே தெரியல. நிமிரச் சொல்லுங்க."

அந்தப் புது ஆடிட்டோரியம் இருக்கிறதே, அதை வரைந்ததே நான்தான். பள்ளிக்கூடம் புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டை போகிற வழியில். கட்டட வேலை எங்கள் இன்ஜினியர் சார் எடுத்திருந்தார். அவர் ஸ்கெட்ச் போட்டுக் கொடுப்பார், சுவரும் கதவும் ஜன்னலும் படியும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கட்டடம் பூச்சு வேலைக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் மேடை லைட்டுக்கும் சேர்த்துப் படம் கேட்டார்கள். சாருக்கு எரிச்சல். "வீட்டுக்கு பிளான் போடுற நமக்கு எதுக்கும்மா நாடகக் கொட்டகை லைட்டு? வெளிய குடுத்துருவோம்."

"எனக்குத் தெரியும் சார். நான் போட்டுர்றேன்."

சுத்தப் பொய். மேடை லைட்டுக்குத் தனி சாஃப்ட்வேர் இருக்கிறது என்பதே முதல் நாள்தான் எனக்குத் தெரியும். சோற்று நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ பார்த்துக் கற்றேன். சாம்பார் கீபோர்டில் சிந்தியதுதான் மிச்சம். முதல் தடவை என் ஆடிட்டோரியப் படத்தை அதற்குள் ஏற்றி, மேடையில் ஒரு மனித பொம்மையை நிறுத்தினேன். பொம்மையைக் காணோம். தேடு தேடென்று தேடி, பெரிதாக்கிப் பார்த்தால் மேடை நடுவில் எறும்பு மாதிரி நிற்கிறது. நான் அடியில் வரைந்திருக்கிறேன், அது மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. நாற்பது அடி மேடை நாற்பது மீட்டராகிவிட்டது. "அடி ஆத்தீ, இதுல லைட்டு போட்டா கட்டுமாவடிக் கடற்கரைக்கே தெரியுமே!" என்று நான் கத்திய கத்தலில், உள்ளே பார்ட்டியோடு பேசிக்கொண்டிருந்த சார் எட்டிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் சரி செய்தேன். கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை.

ஒரே கட்டடம், ஆனால் இரண்டு வேலையும் வேறு வேறு. வீட்டு பிளானில் லைட் என்றால் சீலிங்கில் ஒரு பெருக்கல் குறி, அதோடு சரி. வெளிச்சம் எங்கே விழும் என்று வீடு கட்டுகிறவர் யாரும் கேட்டதில்லை, பூஜை ரூம் எந்த மூலை என்றுதான் கேட்பார்கள். மேடைப் படத்தில் லைட் எங்கே தொங்குகிறது என்பது பாதிக் கதைதான். எங்கே போய் விழுகிறது, யார் முகத்தில் விழுகிறது, யார் நிழல் யார் மேல் விழுகிறது என்பதெல்லாம் வேண்டும். வீட்டு பிளானை மேலிருந்து பார்த்தால் போதும், அதில் உயரம் கிடையாது. இதற்கு உயரம் வேண்டும். ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு விளக்கையும் தூக்கி நிறுத்தினேன். டீச்சர் கேட்ட நிறங்களைப் போட்டேன். பிடித்துப்போய்விட்டது. வீட்டில் தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, அடுப்பு வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்க்கிற அளவுக்குப் பைத்தியம்.

அந்த சாஃப்ட்வேரில் கேமராவை நாம் விரும்பிய இடத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் வரிசை நாற்காலியில் வைத்தேன், கடைசி வரிசையில் வைத்தேன். பிறகு சும்மா இருக்காமல் மேடை நடுவில், என் மகளின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். அவள் அங்கே நின்றால் என்ன பார்ப்பாளோ அது அப்படியே திரையில் வந்தது. எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. தூரத்தில் சுவர், வாசல். விளக்குகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன, சிவப்பு, நீலம், மஞ்சள். துளி சத்தமில்லை. கம்ப்யூட்டரில் ஏது சத்தம்? என் மகளுக்கு மேடை இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்ததும் யோசனை வந்தது. அவளுக்குக் காதுதானே கேட்காது, கண்ணுக்கு என்ன குறை? மேடையின் முன் விளிம்பில், தரையோடு தரையாக ஒரு சின்னப் பச்சை லைட். ஜனங்கள் பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் அவர்களுக்குத் தெரியாது. மேடையோரம் விளக்குகளை மாற்ற லேப்டாப்போடு உட்காரப்போவது நான். பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு மின்னல், அடவு மாறும்போது ஒரு மின்னல். என் கையில் ஒரு சுவிட்ச் இருந்தால் போதும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.

வீட்டில் டார்ச்சைத் தரையில் வைத்துப் பழக்கினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டாள். தரையைப் பார்த்து ஆடியதில் தலை இன்னும் குனிந்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் அந்தப் பச்சை லைட்டைத் தனி லேயரில் போட்டேன். லேயர் என்றால் கண்ணாடித் தாளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி. சுவர் ஒரு தாளில், கதவு ஒரு தாளில், லைட் ஒரு தாளில். வேண்டாத தாளை அணைத்துவிட்டால் பிரிண்ட்டில் வராது. பச்சை லைட் இருந்த தாளை அணைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கும் சாருக்கும் பிரிண்ட் எடுத்தேன். இது என்ன லைட்டு, யாருக்கு, எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், நான் வாயைத் திறக்க வேண்டும். வேண்டவே வேண்டாம்.

பிரிண்ட்டைக் கொண்டுபோன அன்று சார் வேறொரு படத்தில் நான் செய்த தப்பைப் பார்த்துவிட்டார். "எத்தனை தடவை சொல்றது? ஒங்கிட்ட சொல்றதும் ஒண்ணு, செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணு!" சாதாரணமாக எல்லாரும் சொல்கிற பேச்சுதான், அவருக்கு என் மகள் விஷயம் முழுசாகத் தெரியாது. மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். அன்று படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவரே பயந்துபோய், "என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

விளக்குகளை மாட்டியவர் கீரமங்கலத்து லைட்காரர். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் செட் போடுகிறவர், என்னை 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். படத்தில் இல்லாத லைட்டை வாயால்தானே சொல்ல வேண்டும்? போன் போட்டேன்.

"அண்ணே, ஷீட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு. பச்சையா ஒரு லைட்டு வேணும். எனக்கு ஒரு சிக்னலுக்கு."

"எங்கன தாயி?"

"நடுவுல. கீழ."

"கீழயா?"

"ஆமாண்ணே, கீழதான். அதுக்கு சுவிட்ச் மட்டும் நான் ஒக்கார்ற எடத்துக்கு வரணும்."

"வீட்டுக் காலிங் பெல்லு சுவிட்ச் ஒண்ணு கெடக்கு. அமுக்குனா எரியும், விட்டா அணையும். போட்டுர்றேன், கவலையை விடுங்க."

நான் கவலையை விட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

விழா அன்று மத்தியானம் ரிகர்சல். மகள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள், "பச்சை இருக்கும்ல?" இருக்கும் இருக்கும் என்றேன். மகளோடு சேர்த்து எட்டுப் பேரும் மேடையில் நின்றார்கள். மரத்தின் உடுப்பு ஓரமாக ஒரு நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்ச் என் பக்கத்தில் இருக்கிறது. மேடை விளிம்பைப் பார்க்கிறேன், லைட்டைக் காணோம். குனிந்து பார்க்கிறேன், நடந்து பார்க்கிறேன். ஒரு மண்ணும் இல்லை.

"அண்ணே! பச்சை லைட்டு எங்க?"

"அந்தா மாட்டியிருக்கேன்ல." கையை நீட்டினார். ஹாலின் அந்தக் கோடியில், கடைசி நாற்காலிக்கும் பின்னால், கிழக்குச் சுவரில், வாசலுக்கு மேலே இருந்தது பச்சை லைட். "நடுவுல, கீழன்னீங்க. கீழச் செவுத்துல நட்ட நடுவுல போட்டுட்டேன். தூரமாச்சேன்னு பெரிய பல்பாவே போட்டிருக்கேன்."

எங்கள் பக்கம் கிழக்கு என்று யார் சொல்கிறார்கள்? கீழ, மேல, அவ்வளவுதான். நான் தரை என்றேன், அவர் கிழக்கு என்று கேட்டார். மேடை மேற்கில், கிழக்கைப் பார்த்து. ஜனங்கள் அதற்கு எதிரே. எண்பது அடி தள்ளி, எல்லார் தலைக்கும் பின்னால் என் லைட்.

"அண்ணே, நான் தரையிலன்னு சொன்னேன்! கீழன்னா தரைண்ணே!"

"தாயி, நீங்க குடியிருக்கிறதே கீழ வீதிதானே? தரைக்குள்ளயா குடியிருக்கீங்க?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். "மாத்தணும்ணே, இப்பவே மாத்தணும்" என்று குதித்தேன். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். அதற்குள் டீச்சர் கையைத் தட்டி, "பாட்டைப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். காலில் வெந்நீரை ஊற்றியவள் மாதிரி ஓடிப்போய் சுவிட்சருகே உட்கார்ந்தேன். மகள் தரையில் தேடிக்கொண்டிருந்தாள். இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை நீட்டி வாசலைக் காட்டினேன். புரியவில்லை. பாட்டு வந்துவிட்டது. அமுக்கினேன்.

அந்தக் கோடியில் பச்சை மின்னியது. அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. நிமிர்ந்தவள் கையை வீசி ஆரம்பித்துவிட்டாள். மற்ற பிள்ளைகளில் இரண்டு பேர் அவளுக்குப் பிந்தித்தான் ஆரம்பித்தார்கள்.

டீச்சருக்குப் பச்சை லைட் விஷயம் தெரியாது. "அட, நிமிர்ந்துட்டாளே!" என்றார். "இந்த ஹாலு ஒரே எதிரொலிங்க. மேடையில நின்னா பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. ஒங்க பொண்ணு எப்படிப் பிடிச்சா?" எதிரொலிக்கும் நான்தான் பொறுப்பு, சுவரை வரைந்தவள் நான்தானே. சிரித்து வைத்தேன். மரத்தின் உடுப்பு வேறு ஒரு பிள்ளைக்குப் போனது.

அப்போதாவது நான் அடங்கினேனா? இல்லை. சாயங்காலத்துக்குள் லைட்டைத் தரைக்கு மாற்றிவிடுங்கள் என்று லைட்காரரை நச்சரித்தேன். வாசலுக்கு மேலே மின்னினால் யாராவது பார்ப்பார்கள், கேட்பார்கள். "எல்லாரும் மேடையைத்தான் பார்ப்பாங்க. எவன் தாயி முதுகுப் பக்கம் பார்க்கப்போறான்?" என்றார் அவர். மகள் நான் பேசுவதை உதட்டில் படித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா. அங்கிட்டே இருக்கட்டும். கீழ வச்சா குனியணும்."

சாயங்காலம் ஹால் நிறைந்தது. முன் வரிசையில் இன்ஜினியர் சார், சால்வையோடு. நடுவில் என் நாத்தனார் குடும்பம். நான் மேடையோரம் திரைக்குப் பக்கத்தில், ஒரு கை லேப்டாப்பில், ஒரு கை காலிங் பெல் சுவிட்சில். பக்கத்தில் அறிவிப்பு சொல்கிற மைக். எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது, அமுக்கினேன், எட்டுப் பேரும் ஒன்றாகக் கையை வீசினார்கள். முகம் எட்டும் நிமிர்ந்திருந்தது. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார் டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன். முதல் அடவு, இரண்டாவது அடவு, என் மகள் ஒரு இழை பிசகவில்லை.

அப்போதுதான் அந்தக் கோடியில், வாசலைப் பார்த்துக்கொள்ள நின்ற பள்ளிக்கூடத்து பி.டி. சாரைப் பார்த்தேன். வாசலுக்கு மேலே பச்சை அணைந்து அணைந்து எரிவதை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். புதுக் கட்டடம், முதல் விழா, எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று நினைத்திருப்பார். பாவம், அவர் என்ன செய்வார்? நான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த படத்தில் அப்படி ஒரு லைட்டே கிடையாது. பெஞ்சை இழுத்துப் போட்டார், ஏறினார். சூடாக இருக்கும் என்று கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பல்பைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

பாட்டில் பாதி பாக்கி இருந்தது. என் மகள் அந்த பல்பைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போகலாம் என்றால் எண்பது அடி. கையைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? வலது கை சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் மைக்கை இழுத்தேன்.

"சார், அதைக் கழட்டாதீங்க! எம்பொண்ணுக்குக் காது கேக்காது! அந்த லைட்டைப் பார்த்துத்தான் ஆடுறா!"

புது ஸ்பீக்கர், புது ஹால், எதிரொலி வேறு. கேக்காது, கேக்காது என்று நான்கு சுவரும் சொல்லின. பி.டி. சார் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். முன் வரிசையில் எங்கள் சார் திரும்பினார், நாத்தனார் திரும்பினாள், ஹால் மொத்தமும் திரும்பி அந்தப் பச்சை லைட்டைப் பார்த்தது. பத்து வருஷமாக முடியை இழுத்து இழுத்து நான் மூடி வைத்திருந்தது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. விழாதது ஒரே ஒருத்தி காதில்தான். அவள் தலையை நிமிர்த்தி ஆடிக்கொண்டிருந்தாள். என் விரல் அமுக்க, பச்சை மின்ன, அவள் சுழல, பாட்டு முடிகிற வரைக்கும் ஆடினாள்.

பிறகு மேடைக்குப் பின்னால் அவள் முகப்பூச்சைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே போனால் யார் முகத்தில் விழிப்பது என்று இருந்தது. அவள் கேட்டாள், "அம்மா, எல்லாரும் ஏன் பின்னாடி திரும்புனாங்க?"

அவளுக்கு உதடு தெரியும்படி குனிந்து சொன்னேன். "நான் மைக்குல கத்துனேன்."

"என்னன்னு?"

"ஒனக்குக் காது கேக்காது, நீ லைட்டைப் பார்த்துத்தான் ஆடுறேன்னு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் மட்டும்னா சொன்ன?"

"ஆமா."

"தப்பாச் சொல்லிட்டியேம்மா. பாட்டு அவளுகளுக்கும் சரியாக் கேக்கலை. லைட்டு எங்கன இருக்குன்னு நான்தான் காட்டிக் குடுத்தேன். எட்டுப் பேரும் அதைப் பார்த்துத்தான் ஆடுனோம்."